சோபாக்காரர் பையில் இரண்டு பொத்தான்

அந்தத் தெருவில் சோபா தைக்கிறவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உத்தரவு' என்றால்தான் தெரியும். பழைய சோபாவைக் கொண்டுபோய் இறக்கி, "அண்ணே, இதுக்கு என்ன கலர் துணி போடலாம்?" என்று கேட்டால், வேறு கடைக்காரராக இருந்தால் துணி மாதிரிகளை எடுத்து முன்னால் விரித்துப் போடுவார். இவரோ அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். "ஜெபம் பண்ணிச் சொல்றேன். உத்தரவு வரட்டும்" என்பார். உத்தரவு வர ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் சோபாவின் சொந்தக்காரர் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பழகியிருப்பார்கள்.

அதற்காக மனிதரை வேஷக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிறவர். பொய் சொல்ல வராது. சொல்ல முயன்றால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் நன்றாகத் தெரியும். வேலையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங் போன சோபாவின் வயிற்றைக் கிழித்து, பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்தெறிந்து, புதிதாக அடைத்துத் தைத்துக் கொடுத்தால் அப்புறம் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. துணியில் கத்தரி வைத்துவிட்டால் ஒரே ஓட்டம்தான். கத்தரி வைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

அவருக்கு வாய்த்த மனைவி இதற்கு நேர் எதிர். பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசை வேலை. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, பயந்துபோய் நழுவப் பார்க்கிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கன்னம் பூசணிக்காயாக வீங்கி வருகிறவரிடமும் "வலிக்காதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டால், வெளியே இருப்பவர்களிடம், "அவரு எப்பவுமே கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாரு" என்பாள். ஊரில் அவளுக்கு 'வலிக்காது அக்கா' என்று பேர். டாக்டர் அவளுக்கு லீவு கொடுக்கவே பயப்படுவார். அவள் வராத நாளில் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

இந்த இருவருக்கும் நடுவில் வந்த மூன்றாவது ஆள்தான் பை.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைப் போதகர் பிரசங்கத்தில், அந்தக் காலத்துப் பக்தர்கள் குழப்பம் வந்தால் சீட்டுப் போட்டும் தேவசித்தம் அறிந்திருக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னார். அந்த வரிக்கு முன்னும் பின்னும் அவர் தொண்டை வறளப் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. அந்த ஒரு வரி மட்டும் சோபாக்காரர் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. மறுநாளே சோபா முதுகில் வைக்கிற பொத்தான் இரண்டு செய்தார். ஒன்று நீல வெல்வெட் சுற்றியது, இன்னொன்று சிவப்பு ரெக்சின் சுற்றியது. நீலம் வந்தால் 'சரி', சிவப்பு வந்தால் 'வேண்டாம்'. இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். பின்னால் போதகர், "நான் சொன்னது அது இல்லீங்க" என்று எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டு பார்த்தார். நடக்கவில்லை.

பைக்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் கேள்வியைச் சத்தமாகச் சொல்லிவிடுவார். மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் மனைவி பையைப் பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக மூடிக் கையை விடுவார். வந்த பொத்தானை உயர்த்திப் பிடித்து, "கர்த்தர் வழி காட்டிட்டார்" என்பார். அவ்வளவுதான். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அவரை மாற்ற முடியாது.

முதன்முதலில் அந்த மேசைக்கு வந்த கேள்வி, சோபாக் கடையை மூடிவிட்டுக் கடல் கடந்து போய்ப் பிரசங்கம் பண்ணலாமா என்பது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். கணவர் ஒரே ஒரு தடவை சபையில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசித்திருக்கிறார். அன்று முழங்கால் முட்டிக்கொண்ட சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். 'இந்த மனுஷனைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் வாசலில் நிற்பது?' என்று நினைத்தாள். அவர் கண் அசந்ததும் எழுந்தாள். வீட்டை ஒட்டிய கடையில் துண்டுத்துணியில் சுற்றிவைத்த பொத்தான்கள் டப்பா டப்பாவாகக் கிடக்கும். அதிலிருந்து இன்னொரு சிவப்பை எடுத்து வந்து பையில் போட்டாள். நீலத்தை எடுத்துத் தையல் டப்பாவுக்குள் ஒளித்தாள். விடிந்ததும் சிவப்பு வந்தது. கடல் தப்பித்தது.

ஒரு தடவை ருசி கண்ட கை அதோடு நிற்குமா? மகளை அவள் ஆசைப்பட்ட படிப்பே படிக்கவைக்கலாமா என்றபோது பையில் இரண்டும் நீலம். சபையில் தனிப்பாட்டுப் பாடலாமா என்றபோது இரண்டும் சிவப்பு. அதற்காகச் சபையே அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் திரைச்சீலை அவளுக்குப் பிடித்த நிறத்தில்தான் வந்தது. அவளுடைய அம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் நீலம். அந்த அம்மா வந்து, மருமகன் ஜெபிப்பது தொடங்கி மூக்கைச் சிந்துவது வரைக்கும் குறை சொல்லிக்கொண்டே பல வருஷம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். "கர்த்தருக்கு உங்கம்மா மேல தனிப் பிரியம்" என்று அவர் ஒரு நாள் பெருமூச்சு விட்டபோது அக்கா அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவளுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். கிளினிக்கில் வருகிற எல்லோரையும் அவள் டாக்டரிடம் அனுப்புகிறாளா? வாய் கொப்பளிக்கச் சொல்லி அனுப்ப வேண்டியவரை அவளே அனுப்பிவிடுகிறாள். அப்படித்தான் இதுவும். திரைச்சீலையையும் தனிப்பாட்டையும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தால், பெரிய வியாதிக்காரர்களைக் கர்த்தர் எப்போது பார்ப்பது?

பெரிய வியாதி ஒரு நாள் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஒரு மாடி வீட்டிலிருந்து மூன்று பேர் உட்காருகிற சோபாவை இறக்கும்போது சோபாக்காரருக்கு முதுகில் 'மளுக்'கென்றது. சோபாவும் அவருமாகப் படிக்கட்டில் உருண்டார்கள். சோபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். முதல் டாக்டர், "ஆபரேஷன் பண்ணிடலாம், தாமதிக்காதீங்க" என்றார். பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் ஓடினார்கள். அவர் காலைத் தூக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "வேற தொந்தரவு எதுவும் இல்லையே? அப்ப கத்தி வேண்டாம். ஓய்வு, உடற்பயிற்சி, கொஞ்ச மாசம் பாப்போம்" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் நல்லவர்கள். யாரை நம்புவது?

தெருவிலோ அன்றிலிருந்து எல்லோருமே முதுகெலும்பு டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருவருடைய மச்சான் ஆபரேஷன் பண்ணி மறு மாதமே பந்து விளையாடினாராம். இன்னொருவருடைய சித்தப்பா ஆபரேஷனுக்குப் போனவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாராம். இஸ்திரி போடுகிறவர், சூடான பெட்டியை வெறும் முதுகில் வைத்தாலே போதும், தான் இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னார். சோபாக்காரர் எல்லோருக்கும் தலையாட்டினார். சாப்பாட்டு மேசைக்கு வந்ததும், நாற்காலியில் பக்கவாட்டாகச் சாய்ந்துகொண்டு, சத்தமாகச் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமா, வேண்டாமா? இது பெரிய விஷயம், நாளைக்கே வேண்டாம். சனிக்கிழமை காலையில பையில கை விடுறேன்."

அக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த நொடியே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தெரியவில்லை. நீலம் போட்டு, ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால்? இந்த மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடந்து, 'கர்த்தர் சித்தம்' என்று சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பாரே, அதை எப்படித் தாங்குவது? சிவப்புப் போட்டு, நரம்பு செத்துக் கால் விழுந்துவிட்டால்?

மறுநாள் பல் டாக்டரைப் பிடித்தாள். "கழுத்துக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்று அவர் கையை விரித்துவிட்டார். தானும் ஓர் அடையாளம் கேட்டுப் பார்ப்போமே என்று, அடுத்து கிளினிக் கதவைத் திறக்கிறவர் ஆணாக இருந்தால் ஆபரேஷன், பெண்ணாக இருந்தால் வேண்டாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். கணவனும் மனைவியுமாகக் கைகோத்துக்கொண்டு ஒரு ஜோடி உள்ளே வந்தது. யாருக்குப் பல்வலி என்று கேட்டால், இரண்டு பேருக்குமாம்.

கடைசியில் வேறு வழியில்லாமல் போதகர் வீட்டுக்குப் போனாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையைப் பிசைந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"பாஸ்டர், ரொம்ப வருஷமா நான் கர்த்தர் பேர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

போதகர் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனார். அவள் பொத்தான் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அவர் கதவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ சபைச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் வேண்டாம்னு உத்தரவு வந்துருச்சுன்னு சொன்னாரே?"

"அது நான்தான்."

"அந்தத் தனிப்பாட்டு?"

"அதுவும் நான்தான், பாஸ்டர்."

"அது ஒண்ணுக்காகவாவது உனக்கு நன்றிம்மா" என்றார் போதகர். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நீ பண்ணுனது தப்புதான். அதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னு இல்ல. நான் வேற ஒண்ணு கேக்குறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீ அவர்கிட்ட கேட்டிருக்கியா?"

"யார்கிட்ட பாஸ்டர்? கர்த்தர்கிட்டயா, வீட்டுக்காரர்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. கர்த்தரிடம் அவள் நன்றி சொல்லியிருக்கிறாள், மன்னிப்பும் கேட்டிருக்கிறாள், மகளுக்குக் காய்ச்சல் என்றால் அழுதிருக்கிறாள். 'நான் என்ன செய்யட்டும்?' என்று மட்டும் கேட்டதே இல்லை. கேட்க என்ன இருந்தது, எல்லாம்தான் அவளுக்கே தெரியுமே! வெள்ளிக்கிழமை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். 'நீரே பார்த்துக்கொள்ளும்' என்றாள். முதன்முறையாக அந்தப் பையில் நேர்மை இருந்தது. 

சனிக்கிழமை காலை சோபாக்காரரால் முழங்காலில் நிற்க முடியவில்லை. சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஜெபம் பண்ணி முடித்தார். அக்கா பையை நீட்டினாள். அவர் கண்ணை மூடிக் கையை விட்டார்.

எப்போதும் விட்ட கை உடனே வெளியே வந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. பைக்குள் விரல்கள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போவது துணிக்கு வெளியே தெரிந்தது. அவர் கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, என்னது இது?"

"என்னங்க?"

"ரெண்டும் வேற வேறயா இருக்கு!"

"வேற வேறயாத்தானே இருக்கணும்?"

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அப்படி இருந்ததே இல்லையே!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. இரண்டு காதும் செக்கச்செவேலென்று சிவந்தன. கையைப் பையிலிருந்து எடுக்கவும் தோன்றவில்லை, உள்ளேயே வைத்திருக்கவும் முடியவில்லை. அக்கா பையோடும் பைக்குள் இருந்த அவர் கையோடும் அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். அவரும் "அய்யோ, முதுகு, முதுகு" என்றபடி கூடவே உட்கார வேண்டியதாயிற்று.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வெல்வெட்டுக்கும் ரெக்சினுக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் கடை வச்சிருக்கேன்? கண்ணைத்தானே மூடுறேன், விரலை மூட முடியுமா?"

"எப்போலேருந்து தெரியும்?"

"மொத தடவையே தெரியும். கடல் தாண்டிப் போறேன்னு குதிச்சேனே, அன்னிக்கே. கையை விட்டா ரெண்டும் ரெக்சின். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பகல் பூரா ஆணியை அடிச்சு நொறுக்குனேன். சாயந்திரம் கோவம் எறங்குனதும் பாத்தா, நெஞ்சு மேல இருந்த சோபாவை யாரோ எறக்கி வச்ச மாதிரி இருக்கு. போக வேண்டாம்னு எனக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு, ஆனா சொல்ல முடியல. அப்பத்தான் நினைச்சேன், கர்த்தர் எனக்கு உத்தரவு குடுக்குற வழி இதுதான் போலருக்கு, அவரே பாத்துக் கட்டிவச்ச ஆளுதானே நீன்னு."

"அப்போ நான் திருடி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு போனதெல்லாம்?"

"கேள்வியை மேசையில ஏன் அவ்வளவு சத்தமாச் சொல்றேன்னு நினைச்ச? எனக்கென்ன காதா கேக்காது? உனக்குக் கேக்கணும்னுதான். நீ எந்திரிச்சு நடக்குற சத்தம் கேட்டதும் போர்வைக்குள்ள ஜெபம் பண்ணுவேன். 'ஆண்டவரே, அவ பைகிட்ட போறா. அவளுக்கு நல்ல புத்தி குடும், அவ கையைப் பிடிச்சுக்கும்'னு. ஒவ்வொரு தடவையும்."

அக்காவுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை காலம் தான் கடவுளையே நிர்வாகம் பண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்க, போர்வைக்குள் கிடந்த இந்த மனுஷன் தன்னை நிர்வாகம் பண்ணியிருக்கிறான்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தப்பவுமா?"

"அன்னிக்கு ஜெபத்தை இன்னும் கொஞ்சம் பலமாப் பண்ணியிருக்கணும்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போதே முதுகு வலித்து முகத்தைச் சுளித்ததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னிக்கு எனக்குத் தெரியலைங்க" என்றாள். "நாலு நாளா யோசிச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்கு. அதான் ரெண்டையும் போட்டேன்."

"அவரு உனக்கும் ஒண்ணும் சொல்லலையா?"

"நான் எங்க கேட்டேன், அவரு சொல்றதுக்கு?"

"அப்போ கேளு. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

எத்தனை பேரைப் பேசிப் பேசி நாற்காலியில் உட்காரவைத்தவள்! இப்போது வாய் எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை எடுக்கிற குரலில்தான் ஆரம்பிக்க வந்தது.

"ஆண்டவரே, நான்தான் பேசுறேன். இவருக்கு முதுகு. ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமாச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இவரு எனக்கு வேணும். நடக்குற மாதிரி வேணும். நடக்க முடியாமப் போனாலும் வேணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

'ஆமென்' சொல்ல மறந்துவிட்டாள். அவர்தான் சொன்னார். வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். கேட்க வேண்டியவர் இரண்டு பேர் என்று போதகர் சொன்னாரே, ஒருவரிடம் கேட்டாயிற்று. அவள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, உங்களுக்கு உண்மையிலே எப்படி இருக்கு?"

அவர் வழக்கம்போல் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மேல பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் இடது காலை நீட்டினார்.  "இந்தக் கால் என்னுது மாதிரியே இல்ல. பாதம் பூரா மரத்துக் கிடக்கு. போன வாரம் கடையில ஒரு ஆணி செருப்பைத் துளைச்சு ஏறியிருக்கு. பகல் பூரா அதோடயே நடந்திருக்கேன். சாயந்திரம் ரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. படியேறும்போது விரல் தடுக்குது, தூக்குனா வரமாட்டேங்குது."

"இதை ரெண்டு டாக்டர்கிட்டயும் சொன்னீங்களா?"

"சொல்லல."

"வேற தொந்தரவு இல்லையேன்னு அவரு வாய்விட்டுக் கேட்டாரே! நீங்க என்ன பண்ணுனீங்க?"

"பேசாம இருந்தேன். கர்த்தருக்குத் தெரியுமேன்னு விட்டுட்டேன்."

அக்கா சோபாவிலிருந்து குஷனை எடுத்து அவர் மேல் வீசினாள். "கர்த்தருக்குத் தெரியும், சரி! டாக்டருக்கு யாரு சொல்றது? அவரு வந்து டோக்கன் வாங்கி, வரிசையில உக்காந்து, உங்களுக்காகச் சொல்லுவாரா?"

அவர் குஷனை மார்போடு அணைத்துக்கொண்டார். குரல் தாழ்ந்துவிட்டது. "சொன்னா ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். அப்புறம் பையில போட்டுக் கேக்குறதுக்கு ஒண்ணுமே இருக்காதே. ஆபரேஷன் பண்ணித்தானே ஆகணும். நான் ரொம்பப் பயந்துட்டேம்மா."

அவள் கோபம் அத்தோடு வடிந்தது. சாமியாரைக் கட்டிக்கொண்டோம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள். பயந்து நழுவப் பார்க்கிற ஒருவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவே இல்லை. அவரது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஆணி ஏறிய இடத்தை விரலால் தொட்டாள். "இங்க தொடுறது தெரியுதா?" என்றாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

திங்கட்கிழமை அந்த இரண்டாவது டாக்டரிடம் போனார்கள், கத்தி வேண்டாம் என்றவரிடமே. சோபாக்காரர் இந்தத் தடவை ஆணிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். டாக்டர் பாதத்தில் குத்திப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார், அது வரவில்லை. கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஆபரேஷன்னு சொல்லியிருப்பேன். இனிமே தள்ளிப்போடக் கூடாது. முழுசாச் சரியாகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பண்ணலைன்னா இன்னும் மோசமாகும், அது நிச்சயம். சம்மதம்தானே? இல்ல, யோசிச்சுச் சொல்றீங்களா?"

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கண்கள் மெல்ல மேலே கிளம்பின. டாக்டரும் ஏதோ பல்லிதான் போல என்று சேர்ந்து மேலே பார்த்தார். பாதி வழியில் சோபாக்காரர் கண்கள் நின்று, இறங்கி, மனைவியிடம் வந்தன.

"நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குச் சம்மதம். ஆனா முதுகு உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

வாசலில் காத்திருப்பவர்கள் செருமுகிற சத்தம் கேட்டது. அவர் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பண்ணிடுங்க டாக்டர்" என்றார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இருந்தாலும் பண்ணிடுங்க."

வெளியே வந்ததும் வாசற்படியில் நின்றுவிட்டார். கீழே இறங்க நாலைந்து படி இருந்தது.

"நான் சொன்னது சரிதானா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"அப்போ என்ன பண்றது?"

"நீங்க நடங்க" என்றாள் அக்கா. "நான் பக்கத்துலதான் வரேன்."

அவர் அவள் தோளில் கையைப் போட்டு, மரத்த காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, இறங்கினார்.